‘ம்’காரர் வாய் திறந்த கதை

மாவு பிசையும் மேசையைச் சுற்றி அன்றைக்குக் கூடியவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், அடுப்புக்கு முதுகைக் கொடுத்து, பேக்கரிக்காரர். அவருக்கு வலப்பக்கம், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல், அவர் மனைவி பேக்கரிக்காரம்மா. எதிரே, கடைக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த படியில், யாராவது ரொட்டி கேட்டு வந்தால் எழுந்து ஓட வசதியாக ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, பேக்கரிக்காரரின் தங்கை. அதாவது அம்மாவின் நாத்தனார். மாவு மூட்டைகளின் மேல் சப்பணமிட்டு, அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிற மகள். மேசை நடுவில், ஈரத்துணி போட்டு மூடிய மாவுச் சட்டிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வெள்ளை டப்பா. அன்றைய பேச்சு முழுக்க அந்த டப்பாவைப் பற்றித்தான்.

பேக்கரிக்காரருக்கு உடம்பில் அங்கங்கே கொழுப்புக் கட்டிகள். கெட்ட கட்டி ஒன்றும் இல்லை. தோலுக்குக் கீழே உருட்டி வைத்த வெண்ணெய் மாதிரி மெத்தென்று நகரும். முன்கைகளில் இருந்தவை மேசை விளிம்பில் பட்டுப் பட்டு நோவெடுத்தன. தோளில் இருந்தது சரியாக மூட்டை உட்காரும் இடத்தில் இருந்தது. மிச்சமிருந்தது நெற்றியில், வலது புருவத்துக்கு மேலே, அடுப்பில் வைக்காத சின்ன பன் போல. அது வலிக்காது. ஆனால் வந்தவர் போனவர் கண்ணெல்லாம் முதலில் அங்கேதான் போகும்.

எடுத்துவிடலாம், சின்ன வேலைதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஊசியில்தான் சிக்கல். பேக்கரிக்காரர் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் உள்ளங்கையில் ஒரு கட்டி வந்தது. ஊசியைப் போட்டவர் மருந்து ஏறும்வரை பொறுக்காமல் கத்தியை வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஊசி என்றால் அவருக்கு ஏமாற்று வேலை. குத்துவதும் வலி, குத்தியதற்குப் பலனும் இல்லை.

அவர் இதை வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அவர் வாயால் எதையும் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதற்கெல்லாம் ‘ம்’ என்பார். தெருவில் அவருக்கு ‘ம்’காரர் என்றே பெயர். ரொட்டி இருக்கா என்றால் ம். நல்லா இருக்கீங்களா என்றால் ம். பெண் பிறந்திருக்கு என்று சொன்னபோதும் ம்தான். ஆனால் அந்த ம் கொஞ்சம் நீளமாக இருந்ததென்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஏறுகிற ம், இறங்குகிற ம், மூக்கில் நிற்கிற ம் என்று அவருடைய ம்களை வகை பிரிக்கத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"உங்கக்கா போன்ல என்ன சொன்னாங்க அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். டப்பாவை அனுப்பியவள் அம்மாவின் அக்கா. தூரத்து ஊரில் ஓர் அழகு நிலையத்தில் வேலை.

"தடவினா தோல் மரத்துப்போகுமாம். அப்புறம் ஊசி குத்தினாக்கூட தெரியாதாம். கொஞ்சமா தடவச் சொன்னா."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"அதக் கேக்கறதுக்குள்ள அவ மாமியார் கதைக்குப் போயிட்டா. போன்ல அவ பேச ஆரம்பிச்சா நான் வாயத் தொறக்க முடியுமா?"

மகள் மூட்டை மேலிருந்து, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்ல?" என்றாள்.

"கேட்டா வேணாம்பாங்க" என்றாள் நாத்தனார். "அவங்க குடுக்காத மருந்து எதுவா இருந்தாலும் அவங்களுக்கு ஆகாது. திட்டு வேற விழும். நீங்க பாட்டுக்குப் போட்டுட்டு, உள்ள கூப்பிடறப்ப தொடச்சிட்டுப் போங்க. யாருக்குத் தெரியப்போவுது? என்னண்ணே?"

"ம்" என்றார் பேக்கரிக்காரர்.

நாத்தனார் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். மகள் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். அது பயத்தில் வந்த ம் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பயந்த மனிதருக்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குறித்த நாள் வந்தது. விடியும் முன்பே முதல் அடுப்பு ரொட்டி இறங்கிவிட்டது. பேக்கரிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அம்மா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் அகலக் கத்தியை எடுத்தாள்.

இங்கேதான் அந்த வீட்டுக்கே உரிய தவறு நடந்தது. வேறு வீடாக இருந்தால் விரலில் கொஞ்சம் எடுத்துக் கட்டியின் மேல் பூசிவிட்டு விட்டிருப்பார்கள். இவளோ வாழ்நாளெல்லாம் வெண்ணெய் தடவிய கைக்காரி. ஓரம் விட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று பழகிய கை அது. மணிக்கட்டில் ஆரம்பித்து, முழங்கை ஏறி, தோளைச் சுற்றி, முதுகின் மேல்பாதி வரை இழுத்தாள். டப்பாவின் அடியைச் சுரண்டி நெற்றிக்கும் வைத்தாள். அதோடு நின்றாளா? மாவு உப்ப வேண்டுமென்றால் காற்றுப் படாமல் மூட வேண்டும், கதகதப்பில் வைக்க வேண்டும். அந்த வீட்டில் எதைச் செய்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மாவுச் சட்டியை மூடும் பிளாஸ்டிக் தாளை உருளையிலிருந்து இழுத்து இழுத்துக் கையிரண்டையும், தோளையும், முதுகையும் சுற்றினாள். சுற்றி முடித்து, முக்காலியோடு அவரை அடுப்புப் பக்கமாக நகர்த்தினாள்.

"சூடு போதுமா?"

"ம்."

கடையிலிருந்து எட்டிப் பார்த்த நாத்தனார், "அண்ணே, பார்சல் பண்ணி அனுப்பற மாதிரி இருக்கியே" என்றாள். பேக்கரிக்காரர் முறைத்தார். அம்மா அவருடைய நெற்றியைப் பார்த்து, "அசையாதீங்க, தாள் விலகுது" என்றாள்.

வெயில் ஏறும் வரை அப்படியே உட்கார வைத்து, மேலே முழுக்கைச் சட்டையை மாட்டி, நெற்றிக்குத் தொப்பியை இறக்கிவிட்டு, மூவரும் கிளம்பினார்கள். கடைக்கு நாத்தனார் காவல்.

மருத்துவமனைக் கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகள். தரையில் அப்போதுதான் துடைத்த ஈரம். காதணி இழுத்துக் காது மடல் அறுந்துபோய், அதைத் தைத்துக்கொள்ள வந்த ஒரு பெண் கைக்குட்டையால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் பேக்கரிக்காரர். அவருக்கு இந்தப் பக்கம் மகள், பிறகு அம்மா.

நர்ஸ் வந்து பேக்கரிக்காரரை எடை பார்த்து எழுதினாள். "சக்கரை, பிரஷர்? மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? மருந்து எதுவும் ஒத்துக்காம போயிருக்கா? தோல்ல ஏதாவது கிரீம், தைலம் தடவியிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. நினைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

நர்ஸ் போன சிறிது நேரத்தில், பேக்கரிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெண்ணிடம், "காது எப்படிம்மா அறுந்துச்சு?" என்று கேட்டார்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொழந்த இழுத்துடுச்சுங்க" என்றாள் அந்தப் பெண்.

"கொழந்தைங்க அப்படித்தான். கைக்கு எட்டினத இழுக்கும். மாவும் அப்படித்தான், தெரியுமா? அவசரப்பட்டு இழுத்தா அறுந்துபோவும். கொஞ்சம் ஆற விட்டு இழுத்தா எவ்ளோ தூரம் வேணா வரும். ஈஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது உசுரு. அதுக்கும் பசிக்கும், அதுக்கும் கோவம் வரும். எந்தங்கச்சி மாதிரி." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் சிரிப்பு.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, அப்பா பேசறாரும்மா. ஜோக்கெல்லாம் அடிக்கிறாரு."

அம்மாவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட மொத்தச் சொற்களைவிட அவர் இந்தக் கூடத்தில் பேசியது அதிகம். பேச்சு நிற்கவில்லை. ரஸ்க்கிலிருந்து மழைக்குத் தாவி, மழையிலிருந்து அடுப்புக்கரிக்குத் தாவி, நடுவில் தொலைந்து, எதிலிருந்து ஆரம்பித்தோம் என்று காதறுந்த பெண்ணையே கேட்டார்.

"அப்புறம் பாருங்க, நாக்குல பழைய சாவிய வெச்ச மாதிரி இருக்கு" என்றார் ஒரு இடத்தில். "இந்த ஆஸ்பத்திரில எங்கயோ ஈ கத்திக்கிட்டே இருக்கு. உங்களுக்குக் கேக்கல?" கீழ் உதட்டை விரலால் பிடித்து இழுத்து விட்டார், அது யாருடைய உதடோ போல.

அம்மாவின் சிரிப்பு அங்கே நின்றது.

மாவு சட்டியில் மெதுவாக எழும்ப வேண்டும். சில நாள் ஏதோ கூடிப்போய்த் திடீரென்று பொங்கி, விளிம்பைத் தாண்டித் துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். புதியவர்கள் பார்த்தால் ஆகா என்பார்கள். அவள் சொல்ல மாட்டாள். அது அடுப்புக்குள் போனால் அப்படியே அமுங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பேச்சும் அப்படிப் பொங்குகிற பேச்சு. இது அவருடைய பேச்சு இல்லை.

எழுந்தாள். திட்டு விழும் என்பதும், பொய் சொன்னோம் என்பதும், கூடத்தில் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதும் அவளோடு கூடவே எழுந்தன. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நர்ஸின் மேசைக்குப் போனாள்.

"நான் பொய் சொல்லிட்டேன். தடவியிருக்கோம். மரத்துப்போற கிரீம். இப்ப அவர் பேசறாரு."

"பேசினா என்னம்மா?"

"அவர் பேச மாட்டாரு" என்றாள் அம்மா.

நர்ஸ் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் சக்கர நாற்காலி வந்தது, பேக்கரிக்காரர் உள்ளே போனார். "சாவகாசமா வாங்க, நான் சொல்லிட்டிருந்தேன்ல" என்று காதறுந்த பெண்ணுக்குக் கை காட்டியபடியே போனார்.

டாக்டரம்மா குள்ளமானவர், முகத்தைவிடப் பெரிய கண்ணாடி. சட்டையைக் கழற்றியதும் உள்ளிருந்த பளபளப்பைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ தடவினீங்க?"

"டப்பா காலி."

"எப்பலேர்ந்து?"

"விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"அப்பலேர்ந்து மூடியே வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. அடுப்புப் பக்கத்துல, கதகதப்பா."

டாக்டரம்மா ஒரு நொடி அவளையே பார்த்தார். "மனுஷனையாம்மா ரொட்டி சுடுவீங்க?" என்றார். கையோ நிற்கவில்லை. நர்ஸ் தாளைக் கிழித்தாள், ஈரத்துணியால் துடைத்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் நுனியில் ஒரு கிளிப், மார்பில் வயர்கள், மணிக்கட்டில் குழாய். திரையில் அவருடைய இதயம் கோடு கோடாக ஓடியது. அம்மா அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளையில் நின்றது போல.

"தோல் குடிக்கும்மா" என்றார் டாக்டரம்மா, திரையைப் பார்த்தபடியே. "மூடி வெச்சா கூடக் குடிக்கும். சூடு பட்டா இன்னும் குடிக்கும். எடைக்கு இவ்ளோதான் மருந்துன்னு ஒரு கணக்கு இருக்கு. கிரீமா போனாலும் சரி, ஊசில போனாலும் சரி, எல்லாம் ஒரே கணக்குலதான் சேரும்."

மாவில் போட்டாலும் வெண்ணெயில் போட்டாலும் உப்பு உப்புதான் என்று அம்மாவுக்கு உடனே புரிந்தது.

"கணக்குத் தாண்டினா முதல்ல உதடு, நாக்கு, காது. அப்புறம் ஒண்ணு தூக்கம், இல்லன்னா இந்த மாதிரி பேச்சு. அதுக்கு மேல போனா வலிப்பு, அதுக்கும் மேல இதயம். இப்படியே நான் இவருக்கு ஊசியும் போட்டிருந்தா…" டாக்டரம்மா முடிக்கவில்லை. "கேட்டப்ப ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு."

"திட்டறதுக்குத்தாம்மா கேக்கறதே. திட்டு வாங்கினதால யாருக்கும் வலிப்பு வந்ததா நான் படிச்சதில்ல."

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அடுப்புக் கதவின் கீல் எண்ணெய் கேட்பதைப் பற்றிப் பேசினார். மகள் சிறுவயதில் பன்னுக்குள் இருக்கும் பழத்தை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு, ஓட்டையை மூடித் தட்டில் திரும்ப வைத்ததைப் பேசினார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மத்தியானத்துக்கு மேல் பேச்சுக்கு நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஈயும் ஓய்ந்துவிட்டதென்றார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். கோடு சீராக ஓடியது.

டாக்டரம்மா குனிந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ம்" என்றார் பேக்கரிக்காரர்.

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ ம் கேட்டவள் அவள். அதைப் போல் தித்திப்பான ஒரு ம்மை அவள் கேட்டதில்லை.

"சரியாயிடுச்சு டாக்டர்" என்றாள். "இது அவரோடதுதான்."

அன்றைக்கு ராத்திரியும் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். வீட்டில் நாத்தனார் இரண்டு நாளைக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஓடி ஓடி வேலை செய்தாள். மூன்றாம் நாள் தேநீர் கிளாஸை நீட்டி, "என் நாக்கைத்தான் மொதல்ல மரத்துப்போக வெச்சிருக்கணும் அண்ணி" என்றாள். அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது.

மறுபடி போக வேண்டுமா என்பதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அத்தனை பட்டபின் இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்றுதான் மூன்று பெண்களும் நினைத்தார்கள். ஒரு காலை, அடுப்பை மூடிவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "என்னைக்கு வரச் சொன்னாங்க?" என்று அவராகவே கேட்டார். மூன்று சொற்கள். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, எண்ணி ஆச்சரியப்பட்டாள்.

இந்த முறை உடம்பில் ஒன்றும் தடவவில்லை. அம்மா அதை நர்ஸ் கேட்பதற்கு முன்பே சொன்னாள், சோப்புப் போட்டுக் குளித்ததையும் சேர்த்துச் சொன்னாள், காலையில் தேநீரும் ஒரு ரஸ்க்கும் சாப்பிட்டதையும் சொன்னாள். "போதும்மா" என்று நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மா மறுபடி எடை பார்க்கச் சொன்னார். கணக்குப் போட்டு, "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தா மருந்து ஜாஸ்தியாயிடும். இன்னிக்கு ரெண்டு கை, நெத்தி. தோள்ல இருக்கறது கல்யாணத்துக்கு அப்புறம்" என்றார். பிறகு அம்மாவையும் உள்ளே வரச் சொன்னார்.

"நானா?"

"இவர் பேச்சு இவரோடதா இல்லையான்னு சொல்ல எங்கிட்ட மெஷின் இல்ல. உங்களுக்குத்தான் தெரியும். தலைமாட்டுல நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

அவளுக்கும் ஒரு தொப்பியும் முகமூடியும் கொடுத்தார்கள். அறை பேக்கரி மாதிரியே சுத்தமாக இருந்தது, வாசனைதான் இல்லை. சுவர் ஆணியில் பால் நிறத்தில் ஒரு பை தொங்கியது. பேக்கரிக்காரர் படுத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"அது ஆபத்துக்கு" என்றார் டாக்டரம்மா. "மருந்து ரத்தத்துல கூடிப்போச்சுன்னா அதை ஏத்துவோம். சோயா எண்ணெய், முட்டைக் கருவோட கொழுப்பு, தண்ணி, எல்லாம் சேத்து அடிச்சது. இது கைக்கெட்டற தூரத்துல இல்லாம நான் கத்திய எடுக்க மாட்டேன்."

"கேக் மாவு" என்றார் பேக்கரிக்காரர்.

"கிட்டத்தட்ட. சக்கரை இல்ல."

டாக்டரம்மா ஊசியை எடுத்தார். பேக்கரிக்காரர் கண்ணை இறுக்கினார். ஊசி முடி போல மெல்லியது. தோலுக்குள் போனதும் டாக்டரம்மா மருந்தைத் தள்ளவில்லை. முதலில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு துளித்துளியாகத் தள்ளினார். கேக்கின் மேல் பெயர் எழுதும்போது கூம்பை அழுத்துவாளே அம்மா, அந்த நிதானத்தில். இடையிடையே நிறுத்தி மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"பேசிக்கிட்டே இருங்க. உதடு மரத்தா, காதுல ஏதாவது கேட்டா, உடனே சொல்லணும். நீங்க பேச்ச நிறுத்தினாலும் எனக்குப் பயம், ஜாஸ்தியா பேசினாலும் பயம். நடுவுல நில்லுங்க."

"என்ன பேச?"

"உங்க வேலையச் சொல்லுங்க."

"மாவு" என்றார். கொஞ்ச நேரம் போனது. "தண்ணி." பிறகு, "உப்பு. உப்பையும் ஈஸ்ட்டையும் ஒண்ணா போடக்கூடாது."

"ஏன்?"

"ஒத்துக்காது."

டாக்டரம்மா கத்தியை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேக்கரிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன?"

"மருந்து ஏறட்டும். ஏறாம தொட மாட்டேன்."

அவர் இன்னொரு கண்ணையும் திறந்தார். உள்ளங்கையை ஒரு தடவை மூடித் திறந்தார். பள்ளிக்கூடக் காலத்துத் தழும்பு அங்கே இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். டாக்டரம்மா இடுக்கியால் கிள்ளிக் கேட்டார். அழுத்தம் தெரிகிறது, வலி இல்லை என்றார் பேக்கரிக்காரர். எங்கே பிசைந்து எங்கே மடிக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை முடிந்து, மறு கையும் முடிந்துவிட்டது. தட்டில் கிடந்த மஞ்சள் உருண்டைகளை ஓரக்கண்ணால் பார்த்து, "வெண்ணெய்" என்றார்.

நெற்றிக்கும் ஊசி போட்டாயிற்று. மருந்து ஏறக் காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா, "கை சரி, வேலைக்குத் தொந்தரவு. இது வலிக்கவும் இல்ல, கெட்டதும் இல்ல. இதை எதுக்கு எடுக்கறீங்க? பொண்ணு கல்யாண போட்டோவுக்கா?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. உதடு அசையவில்லை. ம்கூட வரவில்லை.

"டாக்டர், பேச்சு நின்னுடுச்சு."

டாக்டரம்மாவின் கண் திரைக்குப் போனது. நர்ஸின் கை வெள்ளைப் பைக்குப் போனது.

"ஐயா, நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"உதடு மரத்திருக்கா? காது இரையுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பேசல?"

"யோசிச்சேன்."

"என்னத்த?"

"சொல்லலாமா வேணாமான்னு."

திரையில் கோடு சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் கையைக் கீழே இறக்கினாள். டாக்டரம்மா மூச்சை விட்டு, "சொல்லிடுங்க. இல்லன்னா எங்களுக்குத்தான் வலிப்பு வரும்" என்றார்.

பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவ எங்கிட்ட பேசறதில்ல டாக்டர். இதுகிட்டதான் பேசறா."

"எதுகிட்ட?"

"நெத்தில இருக்கே, இதுகிட்ட. கோவம்னாலும் இதப் பாத்துதான், கொஞ்சினாலும் இதப் பாத்துதான். கல்யாணமான புதுசுலேர்ந்து அப்படித்தான். இத்தன வருஷமா இவளுக்கும் இதுக்கும்தான் பேச்சு. நடுவுல நான் ம் கொட்டிக்கிட்டு இருக்கேன்."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அம்மாவுக்கு மறுக்கத்தான் வாய் வந்தது. மறுக்க முடியவில்லை. இந்த நிமிஷம்கூட அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கட்டியைத்தான். புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவர் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கண்ணுக்கு மேலே பார்வை உட்கார வசதியாக ஓர் இடம் இருந்தது. உட்கார்ந்தது, பிறகு எழவே இல்லை. கூச்சம் போய் எத்தனையோ காலமாகியும் எழவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"யாருகிட்ட சொல்றது? நீதான் அதோட பேசிக்கிட்டு இருந்தியே."

"ஐயா, போதும்" என்றார் டாக்டரம்மா. "இனிமே அளவா பேசுங்க. சிரிச்சா எனக்குக் கை ஆடும்."

நெற்றிக் கட்டியையும் எடுத்துவிட்டு, தோள் கட்டியைக் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார். நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு முன்கைகளிலும் கட்டு. தையல் பிரிக்கும்வரை மாவில் கை வைக்கக்கூடாது. நாத்தனார் பிசைந்தாள், மகள் அடுப்பைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, "தண்ணி போதும்", "இன்னும் மடி", "அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இதுக்கு அந்த ம்மே தேவல" என்றாள் நாத்தனார்.

அக்காவுக்குக் கடிதம் எழுத அம்மா மேசையில் ஓர் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் சொன்னால் பாதியில் அக்கா அழ ஆரம்பித்துவிடுவாள், அழுகை மாமியாரில் போய் முடியும். கடிதம்தான் குறுக்கே பேசாது. நலம் விசாரித்தாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினாள். அந்த டப்பாவை இனி யாருக்கும் கொடுக்காதே. உன் கடையில் தடவுகிறவர்களிடமும் எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்று ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தடவச் சொல். மூடிச் சூட்டில் வைக்கவே வேண்டாம் என்று எழுதி அடிக்கோடிட்டாள். தப்பு உன்னுடையது இல்லை, வெண்ணெய்க் கத்தியுடையது என்றும் எழுதினாள். வழக்கமாகக் கடைசியில் ‘அவரும் நலம்’ என்று அவளே ஒரு வரி சேர்த்துவிடுவாள். அதை எழுதப் போனபோது கட்டுப் போட்ட ஒரு கை நீண்டு பேனாவைப் பிடித்தது.

"எனக்கு ஒரு தாள் குடு."

எழுதினார். ஒரு பக்கம் முடிந்து திருப்பினார். நாத்தனார் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்க்க, முழங்கையால் மறைத்துக்கொண்டார். முடித்து மடித்து, மனைவியின் தாளோடு சேர்த்து அவரே உறைக்குள் செருகினார்.

கடையில் கோந்து கிடையாது. அந்த வீட்டில் எதையும் மைதாப் பசையால்தான் ஒட்டுவார்கள். அம்மா கிண்ணத்தில் பசையைக் கரைத்துக்கொண்டு வந்து, வெண்ணெய்க் கத்தியில் அள்ளினாள்.

"கொஞ்சமா" என்றார் பேக்கரிக்காரர்.

அவள் நிமிர்ந்தாள். பார்வை பழக்கத்தில் நெற்றிக்கு ஏறியது. அங்கே உட்கார ஒன்றும் இல்லை. பட்டையில் வழுக்கிக் கீழே இறங்கி அவர் கண்ணில் வந்து நின்றது. கண் இப்படிப் பழுப்பாக இருக்கும் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

"கொஞ்சம்னா எவ்ளோ?" என்று அந்தக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார்.

அவள் கத்தியைக் கிண்ணத்தில் வழித்துவிட்டு, சுண்டுவிரல் நுனியால் பசையைத் தொட்டு, உறையின் ஓரத்தில் மெல்லிய கோடாக இழுத்து, மடித்து அழுத்தினாள்.

"எங்கக்காவுக்கு என்னதான் எழுதினீங்க?"

"பதில் போடுவாங்கல்ல, அதுல பாத்துக்க."

வாசலில் சைக்கிள் தயாராக நின்றது. நாத்தனார் உறையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பின்கூடையில் இருந்த சூடான ரொட்டிகளின் மேல் பத்திரமாக வைத்து, பசை காய்வதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்லிப் பெடலை மிதித்தாள்.